நடைபவனியும் தனியோட்டமும்

கல்லூரி ஒன்றுக்கு விழா ஆண்டு வந்துற்றால் நடைபவனி ஒன்றும் உடன் வந்தே தீரும் என்பது கொழும்பு மாநகரில் எழுதாச் சட்டமாகிவிட்டது. ஒரே நிறத்துச் சட்டை, முன்னே வாத்தியக் குழு, இருமருங்கும் விளம்பரத் துணி, காலி வீதியில் அசையாது நிற்கும் பேருந்துகள், அப்பேருந்துகளுள் இருந்து நம்மை வாழ்த்தாத பிரயாணிகள் ஆகிய யாவும் அதன் அங்கங்கள். புறப்படும்பொழுது பெருங்கூட்டமாயிருப்பது இரண்டாவது சந்தியை அடையுமுன் பாதியாகிவிடும். எஞ்சியோரிற் பலர் நடப்பதினும் நிழற்படம் எடுப்பதிலேயே கூடிய ஊக்கங் காட்டுவர். பழைய நண்பரின் முகம் பார்த்து மகிழ்வதற்கு அஃது ஏற்ற வழியே. அதனை வேண்டாவென்று தடுக்க நான் முன்வரவில்லை. ஆனால், தேகப்பயிற்சி என்னும் பெயரை அதற்குச் சூட்டுவதும், விழாவுக்கென நாம் உடலாற் செய்யத்தக்கது அதனோடு முடிந்தது என்று கருதுவதும் பொருந்தா.

ஓட்டக் கழகங்கள் பல இக்காலத்தில் தம் உறுப்பினர்க்கு வேறொரு முறையை வகுத்து நடத்துகின்றன. கழகம் ஒரு திங்களுக்கோ ஒரு பருவத்துக்கோ ஒரு பொருளைக் குறித்துவிடும். ஊரிலுள்ள எல்லாத் தெருக்களையும் ஒருமுறை ஓடி முடித்தல், நாள் தவறாது சிறிது தூரமேனும் ஓடுதல், குறித்த சில இடங்களை ஒரே காலையிற் கண்டு மீளுதல் என அப்பொருள் பலவாறாக அமையும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு வாய்த்த வேளையில், தம் தனிக் காலால், தம் வேகத்தில் அதனை நிறைவேற்றிக் கழகத்துக்கு அறிவிப்பர். தொடக்கக் கோடு இல்லை. துப்பாக்கி வெடி இல்லை. முதலாவது, இரண்டாவது என்ற வரிசையும் பெரும்பாலும் இல்லை. நம் பழைய மாணவர் சங்கம் இவ்விழாவாண்டில் மேற்கொள்ளத்தக்கது இத்தகைய தனியோட்டமே என்பது என் துணிபு. அதற்கான காரணங்களையும், அதனோடு நாம் கட்டாயம் சேர்க்க வேண்டிய சில நிபந்தனைகளையும் ஈண்டு எழுதுகின்றேன்.

இம்முறை உலகெங்கும் பரவுதற்கு 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று பெரிதும் காரணமாயிற்று. 1897 தொடங்கி நடந்துவந்த பொஸ்ரன் மரதன் ஓட்டம் அவ்வாண்டிற்றான் முதன்முறையாகக் கைவிடப்பட்டது. ஓட விரும்பியோர் தத்தம் ஊரிலே தனித்தனியே அத்தூரத்தை ஓடி முடிக்க ஒழுங்கு செய்யப்பட்டது. பிரான்சு நாட்டின் துலூசு நகருக்கு அண்மையில் எலீசா நோச்சோமோவிற்சு என்பவர் தம் வீட்டின் ஏழு மீற்றர் நீள மாடத்திலேயே முன்னும் பின்னும் ஓடி, ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் ஒரு மரதன் தூரத்தை நிறைவு செய்தார். நம் நகரிலும் அவ்வாண்டு மார்ச் 20ஆந் தேதி மாலை தொடங்கிய ஊரடங்கு ஏறக்குறைய இரண்டு திங்கள் நீடித்தது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் மொட்டைமாடியிலும் வாகனத் தரிப்பிடத்திலும் செக்கிழுக்கும் மாட்டைப் போல வட்டமிட்டு நடந்தோரை நாம் யாவரும் அறிவோம். அவர்களிற் சிலர் அதற்கு முன் ஒருநாளேனும் நடந்தவரல்லர். தடை வந்தபின்னரே கால் உண்டென்பது நினைவுக்கு வந்தது போலும்.

ஆங்கிலத்திற் 'சலெஞ்ச்' எனப்படுவதைப் பத்திரிகைகள் 'சவால்' என எழுதுகின்றன. தமிழாசிரியன் என்ற முறையில் அச்சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. சவால் என்பது அறபு மொழியிற் கேள்வி என்னும் பொருளதாய்ப் பிறந்து, வடநாட்டு வழியாக நம்மிடம் வந்து, இன்று ஒருவரை ஒருவர் போருக்கழைக்கும் ஆரவாரச் சொல்லாகிவிட்டது. பிறமொழிச் சொல் என்பதனால் நான் அதனை வெறுக்கவில்லை. மரதன் என்பதும் பிறமொழிச் சொல்லே. தனியோட்டத்துக்கு அச்சொல் இசையாது என்பதே என் குறை. எதிரில் ஆளில்லாத இடத்தில் யாரைப் போருக்கழைப்பது? நம்மிடம் நோன்பு என்னும் சொல் உண்டு. நோன்றல் என்பது பொறுத்தல். ஒருவர் தாமே ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, பிறர் ஏவாமலும் பிறர் காணாமலும் அதனைத் தாங்கி முடித்தலே நோன்பு. கழகத்தார் குறிக்கும் பொருளோடு கூடிய தனியோட்டம் இதனின் வேறன்று. ஓட்ட நோன்பு என்று அதனை வழங்கினால் அதன் இயல்பும் விளங்கும். அதில் எதைச் செய்யலாகாது என்பதும் விளங்கும்.

இவ்வாறு சொல்வது நம் பெருமையைப் பறைசாற்றுதற்கன்று. புதியது எனச் சிலர் அஞ்சும் ஒன்று நம் பாட்டன்மார்க்குப் பழக்கமானது என்பதைக் காட்டுதற்கே. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டுத் திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக உகந்தையை அடைந்து, குமணை, யால ஆகிய காடுகளைக் கடந்து கதிர்காமக் கொடியேற்றத்துக்குச் சென்று சேரும் பாதயாத்திரை ஒன்றரைத் திங்களுக்கு மேற்பட்டது. கூட்டமாகச் சென்றாலும் ஒவ்வொருவர் நேர்த்தியும் தனித்தனியானது. ஒருவர் நேர்த்தியை மற்றவர் கேட்பதில்லை. யார் முதலிற் சென்றடைந்தார் என்று அங்கே எவரும் எழுதிவைப்பதுமில்லை. திருவண்ணாமலையில் மலையைச் சூழ்ந்த 14 கிலோமீற்றர் வலமும் அத்தகையதே. இக்கருத்தை ஓட்டத்தோடு வெளிப்படையாக இணைத்தவர் ஒருவரும் உளர். வங்காளத்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து 2007இல் மறைந்த சிறீ சின்மொய், நியூயோர்க் நகரின் குயின்ஸ் பகுதியில் 3,100 மைல் ஓட்டம் ஒன்றை 1997இல் தொடக்கிவைத்தார். ஓடுவோர் மலையையோ கடற்கரையையோ காண்பதில்லை. ஒரு பாடசாலையைச் சூழ்ந்த ஒரே தெருக்கட்டை, ஒரு மைலின் பாதியிற் சற்றே மிகுந்த தூரத்தை, 52 நாளுக்குள் ஐயாயிரத்து அறுநூறு முறைக்கு மேற் சுற்றுகின்றனர். நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி அதனைக் கண்டால் இவர்கள் எந்தக் கோயிலை வலம் வருகின்றனர் என்றே வினவுவாள்.

பந்தயத்தின் பெருமையை நான் மறுப்பேனல்லேன். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்கு அவ்விழாவின் முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தமை பந்தயம் என்ற ஒன்று இருந்தமையாலேயே. அவர் போன்றோர் ஒரு தலைமுறைக்கு ஒருவர் இருவர். ஏனைய நம்போல்வார், மாணவப் பருவத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் மூன்றாம் சுற்றோடு நின்றுவிட்டவர்கள், அந்நாளிற் கழற்றிய ஓட்டச் சப்பாத்தை முப்பது ஆண்டாக மீட்டும் அணியாதவர்கள். பந்தயம் அவர்களை வடித்துக் கழித்துவிட்டது. நோன்பு எவரையும் கழிப்பதில்லை.

தனித்துச் செய்யும் உடற்செயலின் உயர்வையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே காட்டிய ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தனை இன்றைய மாணவர் பலர் அறியார். 1954 மார்ச்சில் தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்கு நீரிணையை முதன்முதலாக நீந்திக் கடந்தபோது ஆனந்தன் பத்துப் பதினோரு வயதுச் சிறுவர். வளர்ந்த பின் 1971இல் அதே நீரிணையை அக்கரை சென்று இக்கரை மீள ஏறத்தாழ 51 மணித்தியாலத்தில் நீந்தி முடித்தார். நீச்சலோடு நின்றவரா? ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார், நீரில் நிலைகொண்டு 80 மணித்தியாலம் மிதந்தார், நாட்கணக்காக நடனமாடினார். அவர் பெயர் கின்னஸ் சாதனை நூலில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. இவற்றுட் பல, பிறர் கண்டு சிரிக்கத்தக்க செயல்கள் போலத் தோன்றும். ஒற்றைக் காலில் நிற்பதனால் உலகுக்கு யாது பயன் என்று கேட்டவரும் உண்டு. நான் அவ்வாறு கேளேன். உடலைத் தன் சொற்படி நிற்கச் செய்வது எளிதன்று என்பதை இரவு முழுவதும் பரீட்சை விடைத்தாள் திருத்தி உறக்கத்தோடு மல்லாடிய எந்த ஆசிரியனும் அறிவான்.

ஆயின், 1984 ஓகஸ்ட் 6ஆந் தேதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது அவர் உயிர் துறந்தார். அப்போது வயது 41. பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய உடல். ஆங்கிலக் கால்வாயோ கோடையிலும் குளிர் மாறாத நீர். அவரது மறைவை வீரமரணம் என்று பாடுவது எளிது. அவரைப் பாராட்டும் நாம் அவர் இன்னும் நாற்பது ஆண்டு வாழ்ந்து இளைஞர்க்கு நீச்சல் பயிற்றியிருக்கக் கூடும் என்பதையும் எண்ணவேண்டும். தனித்து முயல்வோர்க்குத் துணிவைக் கற்பிக்க வேண்டியதில்லை. அஃது அவரிடம் முன்னரே மிகுதியாய் உண்டு. கழகம் என ஒன்று இருப்பதன் பயன், எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லிக் கொடுத்தலேயாம்.

இவ்விடத்தில் இங்கிலாந்தின் ரொன் ஹில் என்பாரின் வரலாற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1970இல் பொஸ்ரன் மரதனில் வென்ற அவர், 1964 டிசம்பர் 20 தொடங்கி ஒரு நாளும் தவறாமல் ஐம்பத்திரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிவந்தார். நாளொன்றுக்கு ஒரு மைலேனும் ஓடவேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்த விதி. கார் மோதி மார்பெலும்பு முறிந்த காலத்தும், காலிற் சத்திரசிகிச்சை பெற்ற காலத்தும் விதியைக் கைவிடவில்லை. அவை வியப்புக்குரியனவேயன்றிப் பின்பற்றுதற்குரியன அல்ல என்பது என் கருத்து. ஆனால் 2017 சனவரியில் ஓடிக்கொண்டிருக்கையில் நெஞ்சில் வலி கண்டதும், மறுநாள் அவர் ஓடவில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுக் கணக்கு ஒரே நாளில் முடிந்தது. அதற்குப் பின் நான்கு ஆண்டு வாழ்ந்து 2021இல் இயற்கை எய்தினார். பத்தொன்பதாயிரம் நாளுக்கு மேல் ஓடியதினும், நின்ற அந்த ஒரு நாளே எனக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது.

தனியோட்டத்தை ஏற்காதார் எழுப்பும் முதற் கேள்வி, பொய் சொன்னால் யார் கண்டது என்பது. நியாயமான கேள்விதான். செய்மதி வழியாகத் தூரத்தை அளக்கும் கைக்கடிகாரமும் கைத்தொலைபேசியும் அதற்கு விடையாகக் காட்டப்படுகின்றன. அவை ஆளை அளப்பன அல்ல, தாம் சென்ற வழியை அளப்பன. இந்தோனேசியாவிற் பிறர்க்காகக் கூலி பெற்று ஓடி, அவர் கணக்கில் தூரத்தைப் பதிவு செய்து கொடுப்போர் இருப்பதாக 2024இற் செய்தி வெளியாயிற்று. பலர் காண ஓடும் பந்தயத்திலேனும் வாய்மை நின்றதா எனின் அதுவுமில்லை. 1980இல் ரோசி ரூயிஸ் என்னும் பெண் பொஸ்ரனில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டி மாலையும் சூடினார். ஓட்டத்தின் பெரும்பகுதியை அவர் ஓடவேயில்லை என்பது தெளிவாகி எட்டு நாளில் அவர் வெற்றி பறிக்கப்பட்டது. ஆயிரங் கண்கள் காவல் நின்றும் நிகழ்ந்த பொய் அது. ஆகவே சாட்சியைக் கூட்டுவதனால் வாய்மை கூடுமென்பது உறுதியன்று. பொய்யினாற் கிடைக்கும் இலாபத்தைக் குறைத்துவிட்டாற் பொய்யும் குறையும். பரிசு இல்லை, வரிசை இல்லை, நேரக் கணக்கு இல்லை என்றால் ஓடாததை ஓடியதாக எழுதுபவர் தம்மைத்தாமே ஏமாற்றும் ஓர் ஏழை. அவரை அவர் போக்கில் விடலாம்.

இனி, நான் மிகுதியாகச் சொல்ல விரும்புவதற்கு வருகின்றேன். தனித்து ஓடுதல் என்பது எல்லோர்க்கும் எக்காலத்தும் வாய்த்த ஒன்றன்று.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழர்க்கு வீதியில் ஓடுதல் என்ற சொற்றொடர் வேறொரு பொருளைத் தந்த காலம் ஒன்றிருந்தது. 1983 யூலையில் அவ்வீதிகளில் ஓடியவர் பதக்கத்துக்காக ஓடவில்லை. அதன்பின் வந்த நீண்ட போர்க்காலத்தில் விடியற்காலையிலே தமிழ் இளைஞன் ஒருவன் காலி வீதியில் விரைந்தோடினால் அடுத்த சாவடியிலே நிறுத்தப்படுவான். ஏன் ஓடுகிறாய், எங்கிருந்து ஓடுகிறாய் என்னும் வினாக்களுக்கு உடல்நலம் என்று விடை கூறினால் யார் நம்புவார்? 2007 யூன் 7ஆந் தேதி விடியலில் நகரத்து விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்ததும் இன்று வரலாறு. அக்காலத்தில் நம் பெற்றோர் பிள்ளைகட்குக் கூறிய அறிவுரை ஒன்றே: தனியாகப் போகாதே, அவசரமாகப் போகாதே, இருட்டிற் போகாதே. தனியோட்டத்துக்கு வேண்டிய மூன்றும் அதில் விலக்கப்பட்டுள்ளமை காண்க. போர் 2009 மேயில் முடிந்தது. ஆயினும் ஒரு தலைமுறையின் காலில் ஏறிய அச்சம் ஒரு கட்டளையால் இறங்கிவிடுவதன்று. நம் சங்கத்து ஐம்பது வயது அன்பர் ஒருவர் விடியல் ஐந்தரைக்குக் கடற்கரை வீதியில் தனியாக, எவரையும் திரும்பிப் பாராமல், மூச்சு வாங்க ஓடுகின்றார் எனின் அதன் பெறுமதியை எந்தக் கைக்கடிகாரத்தாலும் அளக்க இயலாது. நடைபவனியில் ஆயிரவரோடு சேர்ந்து செல்லுதற்குப் போர்க்காலத்திலும் இடமிருந்தது. இல்லாதிருந்தது தனிமையே. ஆதலாற்றான் விழாவாண்டுக்குத் தனியோட்டத்தைக் கேட்கின்றேன்.

இவ்வுரிமை நமக்கு மீண்டதென்று மகிழும்போது, அது நம் வீட்டாருட் பாதிப்பேர்க்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதை மறத்தல் நேர்மையன்று. நம் மனைவியர், சகோதரியர், புதல்வியர் வைகறையில் தனியே ஓடுவரா? ஓடுவோர் சிலர் உளர். அவர் பின்னே விடப்படும் சொற்களையும், அருகே வேகம் குறைக்கும் வாகனங்களையும் அவரைக் கேட்டே அறியலாம். காலிமுகத்திடலிற் கடலோர நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வாட் 1856இல் தொடக்கி 1859இல் முடித்தபோது, கொழும்பின் பெண்மணிகளதும் சிறுவரதும் நலங்கருதி அதனைத் தம் பின்வரும் ஆளுநர்க்கு ஒப்படைப்பதாகக் கல்லிற் பொறித்து வைத்தார். நூற்றறுபது ஆண்டு கடந்தும் அக்கல் இருக்கின்றது, ஒப்படைத்தது நிறைவேறவில்லை. கழகம் ஒன்று தன் உறுப்பினர் அனைவர்க்கும் தனியோட்டம் விதித்து, அவருட் பெண்கள் தாமாக ஒதுங்கிக்கொண்டால் அதனைச் சோம்பல் என்று கணக்கெழுதுவது அறியாமை. என் கருத்தில், அத்தகையோர்க்குத் தனிமையின் இலக்கணத்தைக் கழகம் தளர்த்தவேண்டும். நூறு மீற்றர் பின்னே தம்பியோ தந்தையோ சைக்கிளில் வரலாம். இருவர் ஒரே வேளையில் எதிரெதிர்த் திசையிற் புறப்பட்டு நடுவழியிற் சந்திக்கலாம். நோன்புக்கு உரியது உள்ளத்தின் தனிமையேயன்றிப் பாதுகாவலின்மை அன்று. பழைய மாணவராகிய ஆண்கள் செய்யத்தக்க உதவி மற்றொன்றும் உண்டு. விடியலில் வீதியில் நிற்கும் தம் நண்பர்களின் நாவை அடக்குதல்.

உடல்நலம்பற்றிச் சுருங்கச் சொல்வேன். வைத்தியர்கள் இவ்விதழில் வேறிடத்தில் எழுதக்கூடும். நம் நாட்டில் வளர்ந்தோரில் ஐவரில் ஒருவர்க்கு நீரிழிவு உண்டென்பது ஆய்வாளர் கணிப்பு. நகரத்தார்க்கு அது மேலும் மிகுதி. நாற்பதைக் கடந்தவர், நெடுநாள் ஓடாதிருந்தவர், வைத்தியரைக் கண்ட பின்னரே தொடங்குக. முதல் மாதம் நடையே போதும். கொழும்பின் வெக்கையில் ஏழு மணிக்குப் பின் ஓடுவது வீண் துன்பம். காதிலே இசைக்கருவியைச் செருகிக்கொண்டு காலி வீதியில் ஓடுவதும், கடலோரப் புகையிரதப் பாதையைக் குறுக்குவழியாகக் கொள்வதும் நோன்பன்று, தற்கொலை. எண்பத்தொன்பதாம் வயதில் முதன்முறை மரதன் ஓடி, நூறாம் வயதில் 2011இல் தொறொன்ரோ மரதனையும் முடித்த பௌஜா சிங், முதுமையால் இறக்கவில்லை. 2025 யூலையிற் பஞ்சாபிலே தம் ஊரருகே வீதியைக் கடக்கையில் கார் மோதி இறந்தார். அவரை வெல்ல வயதுக்கு முடியவில்லை, வாகனத்துக்கு முடிந்தது. புறப்படுமுன் செல்லும் வழியையும் மீளும் நேரத்தையும் வீட்டில் ஒருவர்க்குச் சொல்லுக. சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கட்டும். முன்னர் சாவடிக்காகக் கொண்டு சென்றோம். இப்போது, ஒன்று நேர்ந்தால், வைத்தியசாலைக்காக.

ஓட்ட நோன்புக்குப் பொருள் யாது என்பதே எஞ்சியது. பிறநாட்டுக் கழகங்களின் பட்டியலை எடுத்துப் பெயர் மாற்றி வழங்குதல் நம்மவர்க்கு எளிது. நம் தெருக்களே பொருள் தரப் போதுமானவை. வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளை ஒரு திங்களில் ஒவ்வொன்றாக ஓடி முடித்து, ஒவ்வொரு முறையும் கடலைக் கண்டு திரும்புவது ஒன்று. எளிதாய்த் தோன்றும், பத்தாவது ஒழுங்கையிற் களைப்பல்ல, சலிப்பே எதிர்நிற்கும். அதனை வெல்லுதற்கு ஒழுங்கைகளின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு ஓடுக. இராமகிருஷ்ண வீதி ஏன் அப்பெயர் பெற்றது என்பதை அறியாத பழைய மாணவரும் உளர். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் ஐம்பத்தேழாம் ஒழுங்கையில் இருக்கின்றது என்பதைக் கூட்ட அழைப்பிதழிற் பார்த்தவர் பலர், காலால் அறிந்தவர் சிலரே.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தார்க்கு அதனினும் வளமான பொருள் உண்டு. பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிற் புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில், அதன் அண்மையிலே கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயம், கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயம், தீபதுத்தாராமய விகாரை, இவற்றிடையே தொழுகைக்கு அழைக்கும் பள்ளிவாசல்கள் ஆகிய யாவும் ஒரு காலையில் மெல்ல ஓடிக் காணத்தக்க வட்டத்துள் அமைந்துள்ளன. வழியில் விவேகானந்த மேட்டிலே 1902இற் தோன்றிய விவேகானந்த சபையும் உண்டு. (உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சுவாமிகள் கூறியதை ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் எடுத்தோதுவோர், ஒருமுறையேனும் அம்மேட்டை ஓடி ஏறிப் பார்க்கலாம்.) 2019 ஏப்பிரல் 21ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, அந்தோனியார் தேவாலயத்திலே வழிபாட்டில் இருந்தோர் குண்டுக்கு இரையாயினர். அவ்வாயிலை அடையும்பொழுது ஓட்டத்தை நிறுத்தி நடந்து செல்லுதல் இந்நோன்பின் விதியாக இருக்கட்டும்.

இரு பகுதியாரையும் இணைக்க வேல் விழாவின் வழி இருக்கின்றது. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் தேர் கோட்டையையும் காலிமுகத்திடலையும் கடந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வந்து தங்கும் வழக்கத்தை முதியோர் நன்கறிவர். தேர் செல்லும் அவ்வழி எட்டு ஒன்பது கிலோமீற்றருக்கு மேற்படாது. ஞாயிற்றுக்கிழமை விடியலில், வாகனம் அருகிய வேளையில், ஒருவர் தனியே அதனை ஓடிச் செல்லலாம். கூட்டத்தோடு தேரின் பின் சென்றபோது கண்டறியாத பலவற்றை அப்போது காண்பார். தேர் ஒரு நாட்பொழுது எடுத்துக்கொள்ளும் வழி அது. ஆகவே மெதுவாகச் சென்றோம் என்று எவரும் நாண வேண்டுவதில்லை.

இவற்றைப் பதிவதற்குச் செயலியோ இணையத்தளமோ வேண்டா. கல்லூரி நூலகத்தில் ஒரு தடித்த கொப்பி வைக்கப்படட்டும். தேதி, வழி, வழியிற் கண்டது என்ற மூன்று நிரல் போதும். நேரத்துக்கு நிரல் வேண்டா. பாதி வழியில் திரும்பியவரும் பாதி வழியில் திரும்பினேன் என்று எழுதிக் கையொப்பமிடலாம். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் இலண்டனிலோ தொறொன்ரோவிலோ தாம் ஓடியதைக் கடிதமாக விடுத்தால், நூலகர் அதனை ஒட்டி வைக்கலாம். உயர்தர வகுப்பு மாணவர் அக்கொப்பியைப் புரட்டிப் பார்க்கட்டும். தம் ஊர்த் தெருக்களைப் பற்றி அவர்கள் வாசிக்கும் நேர்மையான கட்டுரைகளுள் அதுவும் ஒன்றாக அமையும்.

விழாக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். நடைபவனிச் சட்டைகளுக்கெனத் திரட்டப்படும் பணத்தை எண்ணிப் பாருங்கள். 2022இன் நெருக்கடிக்குப் பின் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்தின் விலை பல பெற்றோர்க்கு எட்டாததாகிவிட்டது. மெய்வல்லுநர் போட்டிக்குப் பயிலும் நம் மாணவருள் வெறுங்காலோடு ஓடுவோர் எத்தனைபேர் என்பதை விளையாட்டுப் பொறுப்பாசிரியரைக் கேட்டால் அவர் சொல்வார். அடுத்த கூட்டத்துக்கு முன் கேட்டறியுங்கள்.